42,000 ரிங்கிட் ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பார்க்கக் கேட்கலாமா?

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எனக்கென்று ஒதுக்கி நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க நினைக்கிறேன். கர்நாடக சங்கீதமும் எண்பதுகளின் சினிமாப் பாட்டு இசைத்தட்டுகளும்தான் என் பொழுதுபோக்கு. கடையில் 300பி என்ற வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) போட்டுக் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். 8 வாட், விலை 42,000 ரிங்கிட். கேட்டதும் மயங்கிவிட்டேன். கூட வந்த என் மகன் எஞ்சினியர். "இதற்கு அளவீட்டு அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்டான். கடைக்காரர் சிரித்தார். "வீணை வாங்கப் போகிறவர் சோதனைச் சான்றிதழ் கேட்பாரா தம்பி? இதைக் காதால்தான் வாங்க வேண்டும்" என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் ஓயாத வாக்குவாதம். இப்படிக் கலைநயத்தோடு செய்த விலையுயர்ந்த பொருளை மூன்றாம் ஆள் ஒருவர் மீட்டர் வைத்துச் சோதிப்பது தேவைதானா? என் ஸ்பீக்கர் பழைய பிரிட்டிஷ் புக்‌ஷெல்ஃப் வகை. பின்பக்கம் 86 டெசிபல், 8 ஓம், குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. – கெப்போங், கோலாலம்பூர் வாசகர்

அன்புள்ள ஐயா,

தேவைதான். 800 ரிங்கிட் ஆம்ப்ளிஃபயரை விட இதற்குத்தான் அதிகம் தேவை. உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த அறிக்கை கைக்கு வந்ததும் அதை எப்படிப் படிப்பது என்பதில் நான் கொஞ்சம் உங்கள் பக்கமும் பேசுவேன். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சோதனைப் பிரிவில் வேலை கற்றுக்கொண்டவன். இப்போது செந்தூலில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பெரிய கம்பெனி ஒன்று ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் ஆம்ப்ளிஃபயரில் குறை இருந்தால் நாலு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு சோதனை மேசையில் வைத்துத்தான் பெட்டியில் போடுகிறார்கள். பத்திரிகைகள் அளந்து பார்க்கின்றன, வாங்கியவர்கள் புகார் சொல்கிறார்கள். ஆண்டுக்கு முப்பது நாற்பது மட்டும் கையால் செய்கிறவரின் பொருளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அதிலும் கைவேலையில் ஒரு கருவி இன்னொன்றைப் போல இருக்காது. வால்வு ஜோடி கொஞ்சம் மாறும், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவர் கை மாறும், ஓர் இடத்தில் ஈயம் சரியாகப் பிடித்திருக்காது. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் அந்தக் ‘கையால் செய்தது’தான் சோதனை வேண்டும் என்பதற்கு என் முதல் காரணம். வேறு எங்கோ, வேறு யாரோ, வேறொரு பெட்டியை அளந்து வெளியிட்ட அறிக்கை உங்களுக்குப் பாதிதான் உதவும். விமர்சனத்துக்கு அனுப்பும் கருவியை எந்த உற்பத்தியாளரும் பொறுக்கித்தான் அனுப்புவார். நீங்கள் பணம் கொடுக்கப் போகும் அந்த வரிசை எண்ணுள்ள கருவியை, விற்பவரோடு தொடர்பில்லாத ஓர் ஆள் அளக்க வேண்டும். சுயேச்சையான சோதனை என்று நான் சொல்வது இதைத்தான்.

வீணைக் கதைக்கு வருவோம். கடைக்காரர் நன்றாகப் பேசத் தெரிந்தவர். ஆனால் வீணை சத்தத்தை உண்டாக்கும் வாத்தியம், அதற்கென்று ஒரு குரல் இருப்பதுதான் அதன் பெருமை. ஆம்ப்ளிஃபயருக்குள் போவது வேறொருவர் வாசித்த வீணை. அது உள்ளே போனபடி பெரிதாகி வெளியே வந்ததா, இல்லையா என்பது கேட்டுப் பதில் பெறக்கூடிய கேள்வி. போகட்டும், வீணை வாங்குகிறவர் மட்டும் சும்மாவா வாங்குகிறார்? 24 மெட்டிலும் விரல் வைத்து, ஒவ்வொரு சுரமும் சுத்தமாக நிற்கிறதா என்று பார்க்காமல் எந்த வித்வானும் வீணையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். தனக்குச் சரியாகத் தெரியாவிட்டால் குருவை அழைத்துப் போவார்.

இனி உங்கள் 8 வாட். 300பி என்பது 1938-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்த வால்வு. அந்தக் காலத்துச் சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபயர்களில் வேலை செய்த இனம். அதை ஒற்றையாகப் போட்டுச் செய்தால் 8 வாட் வரும் என்பது பொய் இல்லை. எவ்வளவு திரிபோடு (உள்ளே போகாத ஒலி வெளியே வரும்போது சேர்வதுதான் திரிபு), எந்த அதிர்வெண்ணில் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் அறுபதுகள், எழுபதுகளின் விளம்பரங்களில் வாட் எண்ணிக்கை மனம்போன போக்கில் ஏறியதால், 1974-இல் அவர்களுடைய ஃபெடரல் வர்த்தக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கென்றே ஒரு விதி போட்டது. 2024-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, திரிபு 1 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது எவ்வளவு சக்தி தருகிறது என்று சொல்ல வேண்டும். இந்த விதி நம் நாட்டுக் கடையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்வி கேட்க நல்ல அளவுகோல். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர்களை இப்படி வைத்துப் பார்த்தால், அடியில் 20 ஹெர்ட்ஸில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கரு காந்தத்தால் நிரம்பிப்போய் 8 வாட் என்பது 2, 3 வாட்டாகச் சுருங்குவதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அதை வைத்து அது மோசமான கருவி என்று சொல்லிவிட முடியாது. விளம்பரத் தாளில் போட்ட எண்ணுக்கும் வீட்டில் கிடைக்கும் எண்ணுக்கும் இவ்வளவு தூரம் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

உங்கள் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 86 டெசிபல். 8 வாட் கொடுத்தால் 95. நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கரும் அறைச் சுவரும் கைகொடுத்தும் 90 சொச்சம்தான் உச்சம். கச்சேரிப் பதிவில் சராசரிச் சத்தத்துக்கும் மிருதங்கத்தின் ஒரு கனமான தொப்பி அடிக்கும் நடுவே 15, 20 டெசிபல் இடைவெளி இருக்கும். கணக்குப் போட்டால் சராசரியாக 70, 75 டெசிபலில்தான் நீங்கள் கேட்க முடியும். நாலு பேர் கூடத்தில் பேசும் சத்தத்தை விடச் சற்றுக் கூடுதல். ராத்திரி தனியாக உட்கார்ந்து ஆலாபனை கேட்க இது தாராளம். தனி ஆவர்த்தனம் வரும்போதோ, பேரப்பிள்ளைகள் வந்து சினிமாப் பாட்டை ஏற்றிவைக்கச் சொல்லும்போதோ போதாது. கடையில் மயங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எந்த ஸ்பீக்கரில் போட்டார்கள் என்று எழுதவில்லை. 100 டெசிபல் பக்கம் நிற்கும் பெரிய ஹார்ன் ஸ்பீக்கராக இருந்திருந்தால், உங்கள் வீட்டு அலமாரி ஸ்பீக்கரில் கேட்கப்போவது வேறு பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை விட முக்கியமான எண் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் பேசவே மாட்டார்கள்: அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மின்தடை. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இது ஓம்மில் நூறில் சில பங்கு. ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பித் தவறைத் திருத்தும் முறை) இல்லாத 300பி ஆம்ப்ளிஃபயரில் 2, 3 ஓம் வரை போகும். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் உண்மையில் அது சுருதிக்குச் சுருதி மாறும். ஓர் இடத்தில் 4, இன்னோர் இடத்தில் 20. ஆம்ப்ளிஃபயருக்குள் 3 ஓம் உட்கார்ந்திருந்தால், ஸ்பீக்கர் 4 ஓம் காட்டும் இடத்தில் சத்தம் ஏறக்குறைய 4.9 டெசிபல் விழும், 20 ஓம் காட்டும் இடத்தில் 1.2 மட்டும் விழும். இரண்டுக்கும் நடுவே மூன்றரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம். யாரோ உங்களுக்குத் தெரியாமல் டோன் கன்ட்ரோலைத் திருப்பிவைத்த மாதிரிதான் இது. பாடகர் குரல் முன்னால் வந்து நிற்பதும், அடிக்குரல் ஊதிப் பெருப்பதும் பல நேரம் இதனால்தான். அழகாகவும் இருக்கலாம், அசிங்கமாகவும் இருக்கலாம். உங்கள் ஸ்பீக்கரில் எது என்று கடையில் போட்ட ஸ்பீக்கரைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. ஒரு ரெசிஸ்டரும் ஒரு மீட்டரும் வைத்துப் பத்து நிமிடத்தில் அளக்கக்கூடிய எண் இது. 42,000 ரிங்கிட் கேட்கும் கடை இதைச் சொல்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘விலையுயர்ந்த கருவியில் மீட்டரில் பிடிபடாத ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று சிலர் பேசும் பேச்சுக்கு 1985-இல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வேன். பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், மிக விலையுயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று அங்கிருந்த ஒலிப் பத்திரிகை ஒன்றிடம் பந்தயம் கட்டினார். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சுகிற சத்தம் பாட்டை விட எழுபது டெசிபல் அளவுக்குக் கீழே போகும்வரை தன் கருவியைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் அந்தப் பத்திரிகையின் விமர்சகர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விலையுயர்ந்த கருவியில் தனியாக ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது கம்பிக்குள் ஓடுகிற, அளக்கவும் நகலெடுக்கவும் முடிகிற ஒன்றாகத்தான் இருந்தது.

சரி, இப்போது உங்கள் மகனிடம் கொஞ்சம் பேச வேண்டும். அறிக்கையில் 0.5 விழுக்காடு, 1 விழுக்காடு திரிபு என்று வந்ததும் அவர் தூக்கி எறியச் சொல்வார். அவசரப்பட வேண்டாம். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர் சேர்க்கிற திரிபில் பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண். ஸட்ஜத்தை 200 ஹெர்ட்ஸில் வைத்தால் அது 400, அதாவது மேல் ஸட்ஜம். மூன்றாவது 600, மேல் பஞ்சமம். ஐந்தாவது 1,000, அந்தர காந்தாரம். எல்லாம் தம்புராவிலேயே ஒலிப்பவை. அதனால்தான் கொஞ்சம் சேர்ந்தாலும் காது ‘செழிப்பாக இருக்கிறது’ என்கிறது. ஏழாவது 1,400. அது தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் இடையில் எந்தச் சுரத்திலும் உட்காராமல் நிற்கும். அது மாதிரி உயர்ந்த எண் ஹார்மோனிக்குகள் மிகச் சிறிதாக இருந்தாலும் உறுத்தும். அதனால் மொத்தத் திரிபு இவ்வளவு என்ற ஒற்றை எண்ணை விட, அது எந்தெந்த ஹார்மோனிக்கில் எவ்வளவு என்ற படம்தான் வேண்டும். 0.01 விழுக்காட்டுக்குக் கீழே போனபின் 0.001-ஆ, 0.0001-ஆ என்று பட்டியல் போட்டுச் சண்டை பிடிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது. அது எஞ்சினியர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடம். பாட்டுக் கேட்கிறவருக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் இந்தச் செழிப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைக் கடையில் தனிக்குரல் பாட்டைப் போட்டுக் காட்டும்போது கண்டுபிடிக்க முடியாது. தம்புராவில் 200 ஹெர்ட்ஸ் ஸட்ஜம், பாடகர் 225-இல் சதுஸ்ருதி ரிஷபம். திரிபு உள்ள ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கூட்டி 425 ஹெர்ட்ஸில் யாரும் பாடாத ஒரு சத்தத்தைச் செய்யும். 425 என்பது மேல் ஸ்தாயியின் சுத்த ரிஷபத்துக்குப் பக்கத்தில். கல்யாணியில் அதற்கு என்ன வேலை? மெதுவாகக் கேட்கும்போது இது காதில் படாத அளவில் இருக்கும். 8 வாட்டை முட்டுகிற நேரத்தில், வயலினும் மிருதங்கமும் கடமும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில், எல்லாம் குழம்பின மாதிரி கேட்கும். இதற்கும் தனி அளவீடு உண்டு, இன்டர்மாடுலேஷன் என்பார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம். நம் வீட்டு மின்சாரம் 2008 முதல் தாளில் 230 வோல்ட். அதில் 10 விழுக்காடு ஏறலாம், 6 விழுக்காடு இறங்கலாம். கோலாலம்பூர் வீடுகளில் 240-ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். 220 வோல்ட்டுக்கு என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரோடு வந்த கருவியை 245 வோல்ட்டில் செருகினால் உள்ளே எல்லாமே 11 விழுக்காடு ஏறும். 300பி வால்வின் இழைக்கு 5 வோல்ட் வேண்டும், ஐந்தரைக்கு மேல் போகும். வால்வின் ஆயுள் குறையும். நல்ல 300பி ஜோடி என்ன விலை என்று கடையிலேயே விசாரித்துப் பாருங்கள், புரியும். இந்த வகைக் கருவி பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நூறு வாட்டுக்கு மேல் மின்சாரத்தை இழுத்து வெப்பமாக விடும். ஏர்கான் இல்லாத கூடத்தில் கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐரோப்பாவில் யாரோ குளிர்காலத்தில் அளந்த அறிக்கையில் இது எதுவும் இருக்காது. இன்னொன்று, உள்ளே 400 வோல்ட் வரை நிற்கிற சாமான் இது. வீட்டு ஹை-ஃபை கருவிகள் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் பெற வேண்டியவை. முத்திரையைப் பார்க்காமல் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். அது மின்பாதுகாப்புக்கு மட்டும். ஒலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

எப்படிச் செய்வது? கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக இப்படிக் கேளுங்கள்: "இந்த வரிசை எண்ணுள்ள கருவியை, மீதிப் பணம் கட்டுவதற்கு முன், நான் ஏற்பாடு செய்யும் டெக்னீஷியனிடம் ஒரு நாள் சோதிக்க அனுமதிப்பீர்களா? தாளில் போட்ட எண்கள் வராவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?" வாயால் சொன்னால் நிற்காது, எழுத்தில் வேண்டும். ஒப்புக்கொள்கிற கடைகள் இருக்கின்றன. நல்ல பொருள் வைத்திருப்பவர் பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார், தன் சாமானைப் பற்றி ஒரு நல்ல அறிக்கை இனாமாகக் கிடைக்கிறதே. மறுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சோதனைக்கு என்னிடம் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். இவ்வளவு எழுதிவிட்டு நானே காசு வாங்குவது சரியாக இருக்காது. டிஸ்டார்ஷன் அனலைசரும் ஆஸிலாஸ்கோப்பும் வைத்திருக்கும் வேறு ஆட்கள் கோலாலம்பூரில் உண்டு. உங்கள் மகனே செய்வதென்றாலும் செய்யலாம்: ஜாலான் பாசார் கடைகளில் 8 ஓம் பவர் ரெசிஸ்டர் கிடைக்கும், நல்ல யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் இலவச மென்பொருளும் போதும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் அது போய்விடும், நடுவில் வோல்டேஜ் குறைக்கும் ரெசிஸ்டர்கள் வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சுமை (ஸ்பீக்கர் அல்லது ரெசிஸ்டர்) இல்லாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். மூடியைத் திறக்கும் வேலை வேண்டாம், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிர்போகும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

அளந்து முடித்த பிறகு, கேட்பது உங்கள் முறை. இரண்டு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுப்பார்களா என்று பேசிப் பாருங்கள். பழைய ஆம்ப்ளிஃபயரையும் புதியதையும் ஒரு துணிக்குப் பின்னால் வைத்து, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் மகன் மாற்றிப் போடட்டும். முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்த வேண்டும்: 1,000 ஹெர்ட்ஸ் ஓசையைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, வோல்டேஜ் 1 விழுக்காடு வித்தியாசத்துக்குள் வரும்படி. இது ரொம்ப முக்கியம். அரை டெசிபல் கூடுதலாக இருக்கிற பக்கத்தைக் காது ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘உயிரோட்டம் அதிகம்’ என்று சொல்லும். விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். துணிக்குப் பின்னாலிருந்தும் ஒவ்வொரு முறையும் அந்த 300பி-யையே கைகாட்டுகிறீர்கள் என்றால், அறிக்கையில் 1 விழுக்காடு திரிபு இருந்தாலும் வாங்குங்கள். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறீர்கள், உங்கள் பணம், உங்கள் காது. மகனும் அப்போது வாயைத் திறக்க முடியாது.

வாங்கிய பிறகு தாளில் சொன்னது பொய் என்று தெரிந்தால் வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது. உங்கள் 42,000 அதற்குள் அடங்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வைக்க முடியாது, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பொய்யான வணிக விவரிப்பை 2011-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று குற்றமாக்குகிறது. ஆனால் தீர்ப்பாயத்தில் போய் ‘ஒலியில் உயிர் இல்லை’ என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ‘8 வாட் என்று எழுதிக் கொடுத்தார்கள், 2 வாட்தான் வருகிறது, இதோ அறிக்கை’ என்றால் பேச இடம் உண்டு. ரசீதில் மாடல், வரிசை எண், வாட், ஓம் எல்லாம் எழுதி வாங்குங்கள்.

உங்கள் ஸ்பீக்கரின் கம்பெனிப் பெயரையும் மாடலையும் எழுத மறந்துவிட்டீர்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர் பலவற்றுக்கு இம்பீடன்ஸ் வரைபடம் கிடைக்கும். அதைப் பார்த்தால், 3 ஓம் ஆம்ப்ளிஃபயர் உங்கள் கூடத்தில் எந்தச் சுருதியைத் தூக்கும், எதை அமுக்கும் என்று நீங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.